வடபுலத்துக் குதிரை ஆட்டம்

குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல். ஆமூ நதிக்கும் இந்துகுஷ் மலைக்கும் இடையே பரந்து கிடக்கும் ஆப்கானிஸ்தானத்துச் சமவெளியில் மஸாரே ஷெரீப், குந்தூஸ், ஷிபர்கான், மைமனா என்று சில ஊர்கள் உண்டு. அவற்றுள் ஓர் ஊரின் புறத்தே, அறுவடை முடிந்து தரிசாய்க் கிடக்கும் வெளியில் ஜனங்கள் திரண்டிருக்கிறார்கள். நேயர்களே, நாமும் அவர்களோடு நிற்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே வேலி இல்லை, கயிறு கட்டவில்லை, உட்காரப் படிக்கட்டும் இல்லை. கூட்டத்தில் பெண்மணி ஒருவரையும் காணோம், எல்லாரும் ஆடவரே. சிலர் மேட்டின்மேல் குந்தியிருக்கின்றனர். சிலர் தம் குதிரைமேல் இருந்தபடியே பார்க்கின்றனர். ஆட்டம் எங்கே நடக்கிறது, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதற்கு நடுவே கோடு ஏதும் கிழிக்கப்படவில்லை. அதோ, நூறு குதிரைகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு ஒரே திரளாய் நிற்கின்றன. அவற்றின் உடலிலிருந்து எழும் ஆவி புகைபோல் மேலே சுருள்கிறது. திடீரென்று அத்திரள் உடைகிறது. உடைந்த பகுதி நம்மை நோக்கியே பாய்கிறது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து ஓடுகிறார்கள். நாமும் ஓட வேண்டியதுதான்.

இவ்விளையாட்டிற்குப் பாரசீக மொழியில் 'புஸ்கஷி' என்று பெயர். 'புஸ்' என்றால் வெள்ளாடு. 'கஷி' என்றால் இழுத்தல். ஆட்டை இழுக்கும் ஆட்டம் என்று தமிழில் சொன்னால் சொல் நயமும் தானே அமைந்துவிடுகிறது. ஆனால் பெயரில் ஆடு இருந்தாலும், ஆப்கானிஸ்தானத்தில் பெரும்பாலும் கன்றுக்குட்டியின் உடலையே பயன்படுத்துகிறார்கள். ஆட்டின் உடல் விரைவில் கிழிந்துவிடுமாம். தலையை நீக்கி, கால்களை முழங்காலோடு தறித்து, தோல் இறுகும்படி இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊற வைக்கிறார்கள். மறுநாள் அது மைதானத்தின் நடுவே கிடக்கும். குதிரைமேல் இருந்தபடியே குனிந்து, ஒரு கையால் அதைப் பற்றித் தூக்கி, தொடைக்கும் சேணத்திற்கும் இடையே இடுக்கிக்கொண்டு, மற்றவர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கோ பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

ஆட்டத்தில் இரு வகை உண்டு. பழைய வகைக்குத் 'தூதாபராய்' என்று பெயர். அதில் கட்சிகள் இல்லை, இலக்கும் இல்லை. உடலைத் தூக்கியவன் கூட்டத்திலிருந்து முற்றும் விடுபட்டுத் தனித்து நின்றால் வெற்றி. மற்றொன்று 'கராஜாய்'. இதில் தூக்கிய உடலைத் தொலைவில் நட்ட கொடியைச் சுற்றிக் கொண்டுவந்து, தரையில் வரைந்த வட்டத்துள் எறிய வேண்டும். பின்னது தெளிவானது, நகரத்தார்க்கும் அயல்நாட்டார்க்கும் எளிதில் விளங்குவது. முன்னது குழப்பம் நிறைந்தது. 'விடுபட்டான்' என்பதை யார் தீர்ப்பது? அவன் தனித்து நின்றது இரண்டு கணமா, மூன்று கணமா? பக்கத்தில் வந்த குதிரை அவனைத் தொட்டதா, இல்லையா? இவ்வினாக்களுக்கு விடை ஏட்டில் இல்லை; சுற்றி நிற்பவர்களின் ஆரவாரத்தில்தான் இருக்கிறது. இந்தக் குழப்பமே ஆட்டத்தின் உயிர் என்பதைப் பிறகு காண்போம்.

இவ்வாட்டம் ஆப்கானிஸ்தானத்திற்கு மட்டும் உரியதன்று. கஸாக்கியர் இதனைக் 'கோக்பார்' என்பர். உஸ்பெக்கியர் 'உலாக்' என்றும் 'குப்காரி' என்றும் வழங்குவர். கிர்கிஸியர் வைத்த பெயர் 'கோக் போரு'. அதற்குச் சாம்பல் நிற ஓநாய் என்பது பொருள். ஒரு காலத்தில் மந்தையைத் தாக்க வந்த ஓநாயைக் குதிரை வீரர்கள் துரத்திப் பிடித்து, அதன் உடலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்து விளையாடினார்கள் என்றும், அதுவே இவ்விளையாட்டின் தோற்றம் என்றும் கிர்கிஸிய முதியோர் சொல்வதுண்டு. செங்கிஸ்கானின் படைவீரரிடமிருந்து வந்தது என்பது மற்றொரு கதை. மத்திய ஆசியாவில் பழமையான எதற்கும் செங்கிஸ்கான் பெயரைச் சூட்டுவது வழக்கம். அவ்வளவில் அதை விட்டுவிடலாம். மந்தையும் குதிரையுமே செல்வமாக இருந்த மக்கள், தம் அன்றாடத் தொழிலையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள் என்று கொள்வதில் தடை ஒன்றுமில்லை.

அந்தப் புல்வெளிக் குதிரைகளை நம் நாடும் அறியும். 14-ஆம் நூற்றாண்டில் அவ்வழியே வந்த இப்னு பதூதா, கிப்சாக் புல்வெளியிலிருந்து ஏறக்குறைய ஆறாயிரம் குதிரைகள் கொண்ட பெரும் மந்தைகள் இந்தியாவிற்கு ஓட்டி வரப்பட்டதை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வணிகனுக்கும் அவற்றுள் நூறோ இருநூறோ சொந்தம். குதிரை வந்த வழியே குதிரைமேல் ஆடும் ஆட்டங்களும் வந்தன. தில்லியில் வாழும் நம்மவர்கள் குதுப் மினாரை அடிக்கடி காண்கிறார்கள். அதைத் தொடங்கிய குத்புதீன் ஐபக் 1210-இல் லாகூரில் இறந்தது போரில் அன்று. 'சௌகான்' என்னும் குதிரைப் பந்தாட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். சௌகான் அரசர்களின் ஆட்டமாயிற்று. புஸ்கஷி மட்டும் மலைக்கு அப்பாலேயே தங்கிவிட்டது.

இனி, ஆடுகிறவர்களைப் பார்ப்போம். தேர்ந்த வீரனைச் 'சாப்பந்தாஸ்' என்பர். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி, விளிம்பில் மென்மயிர் வைத்த குல்லாய், உயர்ந்த குதிகால் உடைய முழங்கால் வரைக்கும் வரும் பாதரட்சை, கையில் சவுக்கு. இரண்டு கையும் வேண்டியபோது சவுக்கைப் பல்லில் கடித்துக்கொள்வான். இவன் இருபது வயது இளைஞன் என்று நாம் நினைத்தால் ஏமாந்து போவோம். நாற்பதைத் தொட்டவர்களே பெரும்பாலும் முதல்தர வீரர்கள். தோள் வலிமை மட்டும் போதாது. திரளுக்குள் எப்போது நுழைவது, எப்போது விலகி நிற்பது என்னும் பொறுமை வேண்டும். அது வயதோடுதான் வருகிறது. குதிரைக்கும் அப்படியே. பல ஆண்டுகள் ஊட்டி வளர்த்துப் பழக்கிய பிறகே அதை ஆட்டத்திற்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல குதிரை திரளைத் தன் மார்பால் பிளந்துகொண்டு உள்ளே செல்லும். வீரன் கீழே குனியும்போது அசையாமல் நிற்கும். அவன் உடலைப் பற்றிய மறுகணமே தானாகவே வெளியே பாயும்.

ஆனால் அக்குதிரை வீரனுடையதன்று. அது ஒரு கானுக்குச் சொந்தம். நிலமும் நீரும் ஆள்பலமும் உடைய பெரிய மனிதரைக் கான் என்பர். அவர் மைதானத்தில் இறங்குவதில்லை. ஓரத்தில் இருந்து பார்க்கிறார். வெற்றி பெற்ற வீரனுக்குப் பணமும் தலைப்பாகைத் துணியும் பட்டு அங்கியும் பரிசாகக் கிடைக்கும். கானுக்குக் கிடைப்பது வேறு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'ஜார்ச்சி' எனப்படும் கட்டியக்காரன் உரத்த குரலில், இன்ன கானின் குதிரை வென்றது என்று புகழ்ந்து கூவுவான். பாரசீக மொழியில் பெயருக்கும் புகழுக்கும் 'நாம்' என்றே சொல்; வடமொழி நாமத்திற்கு உறவு. அந்த 'நாம்' ஒன்றுக்காகவே அத்தனை செலவும்.

இந்த உண்மையை விளக்கமாக எழுதியவர் விட்னி அஸாய் என்னும் அமெரிக்க அறிஞர். முதலில் காபூலில் தம் நாட்டுத் தூதரகத்தில் பணிபுரிந்தவர். பின்பு மானிடவியல் மாணவராக வடபுலத்திற்குத் திரும்பி வந்து, 1970-களில் கான்களோடு பழகி, 1982-இல் புஸ்கஷியையும் அதிகாரத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான். மகனின் திருமணம், சுன்னத்து முதலிய சுப நிகழ்ச்சிகளில் ஒரு கான் 'தோய்' எனப்படும் பெருவிழா எடுக்கிறார். சுற்றுவட்டத்துக் கான்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்புகிறார். யார் வருவார், யார் வரமாட்டார்? வருகிறவர் எத்தனை குதிரை, எத்தனை ஆள் கொண்டுவருவார்? நூற்றுக்கணக்கானோர்க்குப் பல நாள் உணவும் உறையுளும் தர வேண்டும். அதற்கு அண்டை வீட்டார் கைகொடுப்பார்களா? ஆட்டத்தின் நடுவே 'விடுபட்டான்', 'விடுபடவில்லை' என்று பூசல் மூண்டால், விழா எடுத்தவர் சொல்லுக்கு எல்லாரும் அடங்குவார்களா? அடங்கினால் அவர் பெயர் உயரும். அடங்காமல் விருந்தினர் சிலர் கோபித்துக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால், ஒரே பிற்பகலில் அவர் பெயர் கெடும். மறுநாள் கடைவீதியெங்கும் அதே பேச்சு. நிலத் தகராறோ நீர்த் தகராறோ வந்தால் பின்பு யார் அவரிடம் மத்தியஸ்தத்திற்குப் போவார்?

ஆகவே ஓரத்தில் நிற்கும் பார்வையாளன் வெறும் வேடிக்கை பார்ப்பவன் அல்லன். தூசுக்கும் ஆவிக்கும் நடுவே கன்றின் உடல் அவன் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதே இல்லை. அவன் பார்ப்பது வேறு. இன்று யார் யாரோடு சேர்ந்து வந்தார், யார் பேச்சுக்கு யார் இணங்கினார் என்பதைப் பார்க்கிறான். எந்த மரத்தடியில் நிழல் நிலைக்கும், எது சாயப்போகிறது என்று கணித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். எழுத்துப் பூர்வமான பத்திரமும் நியாய ஸ்தலமும் தொலைவில் இருந்த நாட்டில், இது அவனுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியாது.

கானின் விழா ஒருநாள் அரசனின் விழாவாயிற்று. 1953-இல், மன்னர் ஜாஹீர் ஷாவின் பிறந்த நாளையொட்டி, வடபுலத்து வீரர்கள் காபூலுக்கு வரவழைக்கப்பட்டனர். அதன்பின் ஆண்டுதோறும் அக்டோபரில் அது நடந்தது. மாகாணத்திற்கு ஒரு கட்சி, கட்சிக்கு ஒரு நிற உடை, ஒலிம்பிக் சங்கத்தார் வகுத்த விதி, புள்ளிக் கணக்கு, நடுவர். ஆடியது கராஜாய், தூதாபராயின் குழப்பத்திற்குத் தலைநகரில் இடமில்லை. குதிரைகள் இந்துகுஷ் மலையைக் கடந்தாக வேண்டும். 1964-இல் ஸாலங் சுரங்கப் பாதை திறந்த பிறகு அவ்வழி சுருங்கிற்று. அயல்நாட்டுத் தூதர்களும் சுற்றுலாப் பயணிகளும் நிழலில் அமர்ந்து பார்த்தனர். ஜோசப் கெஸல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் இதை வைத்து 1967-இல் ஒரு நாவல் எழுதினார். 1971-இல் அது ஓமர் ஷெரீப் நடித்த ஆங்கிலப் படமாயிற்று. மன்னர், கான்களுக்கெல்லாம் மேலான கானாக வீற்றிருந்தார். வடபுலத்துப் பெரியோர் அவர் அழைப்பை ஏற்று வந்தார்கள் என்பதே அதன் உட்பொருள்.

1973 ஜூலையில் மன்னர் இத்தாலியில் இருந்தபோது, உறவினரான தாவூத் கான் ஆட்சியைக் கைப்பற்றினார். குடியரசு வந்தது, புஸ்கஷிப் போட்டியும் தொடர்ந்தது. 1978 ஏப்ரலில் தாவூத் கொல்லப்பட்டார். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்தன. புதிய ஆட்சியினரும் போட்டியை நடத்தவே முயன்றனர். ஆனால் அழைத்தவர் அழைத்தால் மட்டும் போதுமா, வருகிறவர் வர வேண்டுமே! மாகாணங்கள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. குதிரைகளும் வீரர்களும் வரவில்லை. 1980-களின் தொடக்கத்தில் தலைநகரின் அப்பெருவிழா நின்றே போயிற்று. செய்தித்தாள் என்ன எழுதினாலும், ஆட்சியின் 'நாம்' எந்நிலையில் இருந்தது என்பதைக் காபூல் மக்கள் அவ்வெற்று மைதானத்தில் தெளிவாகக் கண்டிருப்பார்கள் என்பது நம் எண்ணம்.

ஆமூ நதிக்கு வடக்கே நடந்தது இன்னும் கொடியது. 1920-களிலேயே சோவியத் ஆட்சியை எதிர்த்துத் தோற்ற உஸ்பெக்கியரும் துர்க்மேனியரும் தாஜிக்கியரும் மந்தைகளோடு ஆற்றைக் கடந்து ஆப்கானிஸ்தானத்தில் குடியேறினர். 1929-க்குப் பின் கூட்டுப் பண்ணை முறை வன்மையாகப் புகுத்தப்பட்டது. கஸாக்கிய நாட்டில் நாடோடி மக்களை ஓரிடத்தில் இருத்தி, மந்தைகளைப் பறித்து, பண்ணையில் சேர்த்தனர். 1930 முதல் 1933 வரை பஞ்சம். ஏறக்குறைய 15 லட்சம் பேர் மாண்டனர்; கால்நடையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. குதிரையே இல்லாத நாட்டில் கோக்பார் ஏது? பின்னாளில் பண்ணைக் குதிரைகள்மேல், அரசு விழாக்களில், 'தேசிய விளையாட்டு' என்னும் பெயரோடு அது மீண்டும் தலைகாட்டியது. விழா எடுக்கக் கான் இல்லை, தோய் இல்லை, பண்ணைத் தலைவரே பரிசு வழங்கினார்.

கிர்கிஸிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள்; மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் பதிப்புகளில் அவர் கதைகள் நம் வீடுகளுக்கு வந்தன. 1966-இல் வெளிவந்த குல்சாரி என்னும் குதிரையின் கதையில், பண்ணைத் தொழிலாளியான தனபாய் தன் குதிரைமேல் இவ்வாட்டம் ஆடும் பகுதி ஒன்று உண்டு. அப்போது குதிரைக்கும் அவனுக்கும் வாலிபம். பின்பு அதிகாரிகள் அக்குதிரையை அவனிடமிருந்து பிரிக்கிறார்கள். கூட்டுப் பண்ணையின் கதையை ஐத்மாத்தவ் அங்கே எவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார் என்பதைச் சோவியத் காலத்து வாசகர் கவனித்தே இருப்பர்.

1991-இல் அக்குடியரசுகள் தனி நாடுகளாயின. கிர்கிஸிய நாடு கோக் போருவுக்குப் புது விதி வகுத்தது. மைதானத்தின் இரு முனையிலும் 'தாய் கஸான்' எனப்படும் வட்டமான மேடை, நடுவே குழி. ஆட்டுடலை அதனுள் எறிந்தால் ஒரு புள்ளி. ஒரு கட்சியில் ஒரே நேரத்தில் நால்வர். இருபது நிமிஷங்களாக மூன்று பகுதிகள். 2014-இல் இஸ்ஸிக் குல் ஏரிக்கரையில் உள்ள சோல்போன் அத்தா நகரில் உலக நாடோடி மக்கள் விளையாட்டு விழா முதன்முதல் நடைபெற்றது. அதன் மகுடம் கோக் போருவே. 2017-இல் யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் அவ்விழா அஸ்தானாவில் நடந்தபோது, உண்மை ஆட்டுடலுக்குப் பதிலாகச் செயற்கை உருவத்தை வைத்து ஆடினார்கள். படிக்கட்டில் அமர்ந்து பார்ப்பவனுக்கு இப்போது எல்லாம் விளங்குகிறது: யார் எந்தக் கட்சி, எத்தனை புள்ளி, எவ்வளவு நேரம் மிச்சம். எழுந்து ஓட வேண்டிய அவசியமும் இல்லை. இது நல்லதுதான், குதிரையின் குளம்படியில் பார்வையாளன் விழுவது பெருமையன்று. ஆயினும் அவனிடம் இப்போது எவரும் தீர்ப்புக் கேட்பதில்லை.

ஆப்கானிஸ்தானத்திலோ ஆட்டம் ஆட்சியோடு ஆட்சியாக மாறிக்கொண்டே இருந்தது. நஜிபுல்லா ஆட்சியின் இறுதிக் காலத்தில் இந்திப் படக் குழுவினர் அங்கே சென்றனர். 1992-இல் வெளிவந்த 'குதா கவா' படத்தில் அமிதாப் பச்சன் ஆடும் புஸ்கஷியை பம்பாயிலும் தில்லியிலும் உள்ள நம்மவர்கள் திரையில் கண்டிருப்பார்கள். 1996-இல் காபூலைப் பிடித்த தலிபான்கள் இவ்விளையாட்டைத் தடை செய்தனர். 2001-க்குப் பின் அது மீண்டும் வந்தது. படைத்தலைவர்கள் புதிய கான்களாயினர். பின்னாளில் துணை ஜனாதிபதியான மார்ஷல் ஃபஹீம், 2014-இல் இறக்கும்வரை சிறந்த குதிரைகளை வைத்துப் போஷித்த புரவலர்களுள் ஒருவர். 2021-இல் தலிபான்கள் திரும்ப ஆட்சிக்கு வந்தபோது, இம்முறை தடை செய்யவில்லை. அவர்களுடைய அதிகாரிகளே ஓரத்தில் அமர்ந்து பார்க்கிறார்கள். பார்வையாளர் கூட்டத்தில் பெண்கள் இல்லை என்பதில் மட்டும் மாற்றமில்லை.

போரில் புலம்பெயர்ந்தவர்களும் இதை உடன் கொண்டுசென்றார்கள். 1980-களில் பாகிஸ்தானத்தில் அகதி முகாம்களை அடுத்த வெளிகளில் புஸ்கஷி நடந்தது. இவர்கள் அனைவரினும் நெடுந்தொலைவு சென்றவர்கள் பாமீர் மலையில் வாழ்ந்த கிர்கிஸியர். 1978-இல் காபூலில் ஆட்சி கவிழ்ந்ததும், தம் தலைவர் ரஹ்மான் குல் கானைப் பின்பற்றி வாகான் பள்ளத்தாக்கிலிருந்து மலை கடந்து பாகிஸ்தானத்திற்கு வந்தனர். தாழ்ந்த நிலத்து வெப்பத்தை அவர்களால் தாங்க இயலவில்லை, பலர் மாண்டனர். 1982-இல் ஆயிரத்திற்கு மேற்பட்டோரைத் துருக்கி ஏற்றுக்கொண்டது. அந்நாட்டின் கிழக்கே, வான் மாகாணத்தில் அவர்களுக்கென ஒரு கிராமம் அமைத்துத் தந்தார்கள். அதற்கு 'உலுபாமீர்', அதாவது பெரிய பாமீர், என்று பெயர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பழைய மலையைக் கண்டதில்லை. விழா நாட்களில் ஊர்ப்புறத்து வெளியில் குதிரைகள் இறங்குகின்றன. முதியவர்கள் ஓரத்தில் நின்று, இவன் பாட்டன் எப்படித் தூக்குவான் தெரியுமா என்று பேசிக்கொண்டே கோக் போரு பார்க்கிறார்கள்.